வேலிக்கு அந்தப் பக்கத்துக் குளம்

வீட்டுக்குப் பின்னால் ரக்கூன் வந்தால் ஜனங்கள் என்ன செய்வார்கள்? குப்பைத் தொட்டி மூடியைக் கயிறு போட்டுக் கட்டுவார்கள். டார்ச் அடித்து விரட்டுவார்கள். "இந்தப் பாழாய்ப்போனது நம் வீட்டுக்கு வரமாட்டேன் என்கிறதே" என்று உள்ளுக்குள் மருகிய மனிதர் அமெரிக்காவில், நியூ ஜெர்சியின் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கிலேயே நஞ்சப்பன் ஒருவராகத்தான் இருப்பார்.

காரணம் இல்லாமல் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம், தாமஸ் வீட்டுக் குளத்துக்கு ராத்திரி தவறாமல், கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை கட்டிய திருட்டு முழி ரக்கூன் வந்துகொண்டிருந்தது. அது மட்டுமா? நரி வந்தது. எலி மூஞ்சி ஆப்போசம் குட்டிகளை முதுகில் ஏற்றிக்கொண்டு வந்தது. மான் வந்து தண்ணீர் குடித்தது. நாரை ஒன்று ஒற்றைக் காலில் தவம் செய்துவிட்டுப் போனது. எல்லாவற்றையும் தாமஸ் வீட்டு மரத்தில் கட்டியிருந்த கேமரா படம் பிடித்தது. அந்தப் படங்கள் காலையில் நேராக நஞ்சப்பனின் மகள் வெண்பாவின் ஃபோனுக்கு வந்து இறங்கின. கேமராவைக் காசு கொடுத்து வாங்கியதோடு தாமஸின் வேலை முடிந்தது. மரத்தில் கட்டுவது, ஆப்பில் சேர்ப்பது, பேட்டரி மாற்றுவது, நல்ல வீடியோவாகப் பொறுக்கித் தமிழ்க் குடும்பங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது எல்லாம் வெண்பா. தாமஸுக்கு அந்த ஆப்பைத் திறக்கக்கூடத் தெரியாது.

இதில்தான் நஞ்சப்பனுக்கு வயிறு எரிந்தது. ரக்கூனைப் பார்த்து அல்ல. வெண்பா பன்னிரண்டாவது முடித்துவிட்டாள். ஆகஸ்டில் மிச்சிகனுக்குக் காலேஜ் போகிறாள். ஒரே பெண். இருக்கிற இந்தக் கொஞ்ச நாளிலும் சாயங்காலம் ஆனால் செருப்பை மாட்டிக்கொண்டு, இரண்டு வீட்டுக்கும் நடுவே இருக்கும் இடுப்பளவு வேலியின் கேட்டைத் திறந்து, தாமஸ் வீட்டுக்குப் போய்விடுகிறாள். அங்கே குளத்தங்கரையில் இரண்டு பிளாஸ்டிக் சேர். ஒன்று தாமஸுக்கு, ஒன்று வெண்பாவுக்கு. பேச்சு, சிரிப்பு, மறுபடி பேச்சு. பெற்ற அப்பனிடம் அவள் ஒரு நாளில் பேசுவது "ஃபைன்", "ஓகே", "மேபி". அவ்வளவுதான்.

தாமஸ் நல்ல மனிதர், அதில் சந்தேகம் இல்லை. நாகர்கோவில்காரர். மகன் ஆட்ரியன் சியாட்டிலில் வேலை பார்க்கிறான், கிறிஸ்துமஸுக்கு வந்தால் உண்டு. மனைவி யூனிஸ் நர்ஸ், பெரும்பாலும் சாயங்கால ஷிஃப்ட். குளம் தாமஸ் வெட்டியது அல்ல. வீட்டை விற்றுவிட்டுப் போன இத்தாலியக் கிழவர் வெட்டியது. தாமஸ் அதைச் சுத்தம்கூடச் செய்வதில்லை. பாசி படர்ந்து, ஓரமெல்லாம் சரிந்து, இலை மக்கி, தவளை கத்திக்கொண்டு கிடக்கும். கிழவர் விட்டுப் போன ஒரு பெரிய கோய் மீன் அதில் உண்டு, ஆரஞ்சும் வெள்ளையுமாக, முழங்கை நீளத்துக்கு. அதற்குத் தாமஸ் வைத்த பெயர் அண்ணாச்சி.

"எனக்கு என்ன தெரியும் மக்ளே, நீயே சொல்லு" என்பார் தாமஸ். வெண்பா சொல்லுவாள். ரக்கூன் ஏன் தண்ணீரில் கையைத் துழாவுகிறது, ஈரமானால் அதன் கைக்கு எப்படிக் கூடுதலாகத் தொடுவுணர்ச்சி வரும் என்றெல்லாம் சொல்லுவாள். "அப்டியா மக்ளே" என்று அவர் வாய் பிளந்து கேட்பார். நஞ்சப்பனுக்கு இந்த 'மக்ளே' காதில் விழும்போதெல்லாம் பல்லில் கல் கடிபட்ட மாதிரி இருக்கும். கோபிச்செட்டிபாளையத்துக்காரர் அவர். பெண்ணைக் 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவார். அந்தக் கண்ணு இவரிடம் ஒரு தடவை அதே ரக்கூன் விஷயத்தைச் சொல்ல வந்தது. இவர் உடனே ஃபோனை எடுத்து, "இல்ல கண்ணு, அது கரடி ஜாதியாமா, இங்க போட்டிருக்கான் பாரு" என்றார். "நெவர் மைண்ட்" என்று அவள் எழுந்து போய்விட்டாள்.

ஒரு காலை சாப்பாட்டு மேஜையில் வெண்பா ஃபோனைப் பார்த்துச் சிரித்தாள். "கண்ணு, எனக்குக் காட்டு" என்றார். காட்டினாள். ரக்கூன் ஒன்று தாமஸ் வீட்டுக் குளத்தில் இரண்டு கையையும் விட்டு, கல்யாணத்தில் பந்தி முடிந்த ஆள் மாதிரி கை கழுவிக்கொண்டிருந்தது. அவர் பார்த்து முடிப்பதற்குள் ஃபோன் திரும்பப் போய்விட்டது. பிறகு குரூப்பில் பார்த்தார். "தாமஸ் அங்கிள் வீட்டு விருந்தாளி" என்று எழுதியிருந்தாள். கீழே மானஸாவின் அம்மாவிலிருந்து குமாரசாமி வரை ஆளாளுக்கு இதயம் போட்டிருந்தார்கள்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். நாமும் குளம் வெட்டுவோம்.

வெட்டினார். சும்மா சொல்லக் கூடாது, பிரமாதமாக வெட்டினார். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் டேட்டாபேஸ் கட்டுகிற கை அது, ஒரு வேலையை எடுத்தால் முடிக்காமல் விடாது. இரண்டு வாரம் லீவு போட்டார். பிளாஸ்டிக் தொட்டி, ஓரம் முழுக்கச் செங்குத்தாக மழமழவென்று கருங்கல், ஃபில்டர், பம்ப், நடுவில் நீரூற்று. நீரூற்றுக்குக் கீழே நிறம் மாறும் எல்இடி விளக்கு. ஆள் நடந்தால் தானாக எரிகிற லைட் நாலு மூலைக்கும். ஒரு டஜன் தங்க மீன். தாமஸ் கேமராவைவிட உசத்தியான கேமரா. கரையில் இரண்டு புது மரச் சேர், ஒன்று தனக்கு, ஒன்று வெண்பாவுக்கு.

அவர் மனைவி சண்முகப்ரியா லேப் வேலை முடிந்து வந்து, கார் சாவியைக் கையில் வைத்தபடியே பார்த்தாள்.

"ஏனுங்க, இங்க ரிசப்ஷன் யாருக்கு?" என்றாள்.

"நீ வேணாப் பாரு. ஒரு வாரத்துல எல்லாம் இங்கதான் வரும்."

ஒரு வாரம் போனது. இன்னொன்றும் போனது. ஒரு எலிகூட எட்டிப் பார்க்கவில்லை. தாமஸ் வீட்டுக்குப் போகிற ரக்கூன் இவர் வீட்டுப் புல்லில் கால் வைக்கும், லைட் பளீரென்று எரியும், அது திரும்பி ஓடும். "அப்பா, இட்ஸ் டூ க்ளீன்" என்றாள் வெண்பா. "லைட்டை ஆஃப் பண்ணுங்க. கொஞ்சம் மண்ணு, இலை எல்லாம் இருக்கணும்." பெண் சொன்னால் கேட்கலாம். ஆனால் சுத்தமே செய்யாத தாமஸைப் பார்த்துச் சுத்தத்தை விடுவதா என்று அவருக்கு வீம்பு. லைட்டை மட்டும் அரை மனதோடு அணைத்தார். வெண்பா அந்தப் புதுச் சேரில் ஒரு நாள் உட்கார்ந்தாள். நீரூற்றுச் சத்தத்தில் பேசுவது கேட்கவில்லை. எழுந்து கேட்டைத் திறந்துகொண்டு போய்விட்டாள்.

புதுக் கேமராவில் கடைசியில் ஒரே ஒரு ஜீவன்தான் விழுந்தது. அது நஞ்சப்பன். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, குனிந்து, பம்ப்பில் மாட்டிய பாசியை இழுத்து, வழுக்கி, ஒரு காலோடு தொட்டிக்குள் போய் வருகிறார். வெண்பா அதைத் தன் ஃபோனில் தாமஸிடம் காட்டினாள். வேலிக்கு இந்தப் பக்கம் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த நஞ்சப்பன் காதில் இரண்டு பேரின் சிரிப்பும் விழுந்தது. தாமஸ் இருமி இருமிச் சிரித்தார். வெண்பா திரும்பினாள். ஹோஸ் பைப்போடு நின்ற அப்பாவைப் பார்த்தாள். அவள் சிரிப்பு நின்றது.

நஞ்சப்பன் ஹோஸைக் கீழே போட்டார். உள்ளே வந்து தண்ணீர் குடித்தார். இன்னொரு டம்ளரும் குடித்தார். என் வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு, அவன் வீட்டில் போய் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். இப்படித்தான் நினைத்தார். பெற்ற பெண்ணைப் பற்றி இப்படி நினைக்கலாமா என்று கேட்டால், பொறாமை பிடித்தவனுக்கு ஏது கணக்கு.

அன்றைக்கு ராத்திரி படுத்தபோதுதான் கருவாட்டு யோசனை வந்தது.

காரேஜில், அடியில், நாலு கவருக்குள் ஒரு நீல பிஸ்கட் டின் இருந்தது. டின்னுக்குள் நெத்திலிக் கருவாடு. தாமஸின் அக்கா குளச்சலிலிருந்து கொண்டு வந்தது. யூனிஸ் அதில் பாதியைச் சண்முகப்ரியாவுக்குக் கொடுத்திருந்தாள். அமெரிக்காவில் கருவாடு வறுப்பது என்ன லேசான காரியமா? ஜன்னலைச் சாத்தினால் கர்ட்டன் நாறும், திறந்தால் தெரு நாறும். நல்ல நாள் பார்த்து வெளியில் அடுப்பு வைத்து வறுக்கலாம் என்று சண்முகப்ரியா பத்திரம் பண்ணியிருந்தாள். கோபியில் இவர்கள் தோட்டத்தில் கீரிப்பிள்ளை பிடிக்கக் கூண்டில் கருவாடுதான் வைப்பார்கள். கீரிக்கு ஆகிற கருவாடு ரக்கூனுக்கு ஆகாதா?

மறுநாள் பொழுது சாய்கிற நேரம் கொஞ்சத்தைத் தன் குளத்துக் கரையில் போட்டார். வரவில்லை. அதற்கு அடுத்த நாள் இன்னும் யோசித்தார். ரக்கூன் போகிற வழி தாமஸ் வீட்டில் அல்லவா இருக்கிறது. அங்கிருந்து அழைத்து வரவேண்டும். தாமஸ் வீட்டுக்குள் போன பிறகு வேலிமேல் குனிந்து, அந்தப் பக்கக் குளத்தின் ஓரத்திலிருந்து தன் குளம் வரைக்கும் நெத்திலியாக ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வந்தார். கல்யாண வீட்டுக்கு வழி தெரியட்டும் என்று அம்புக்குறி ஒட்டுவார்களே, அந்த மாதிரி.

மரத்தில் கேமரா இருக்கிறதே என்கிறீர்களா? அது இருட்டிய பிறகுதான் முழிக்கும் என்று நினைத்துக்கொண்டார். கம்பெனியில் ஊருக்கெல்லாம் செக்யூரிட்டி சொல்லிக் கொடுக்கிற மனிதர். பலன் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில்தான் விழும்.

காலையில் கேமராப் படம் வந்துவிட்டது. தாய் ரக்கூன் முன்னால், குட்டிகள் பின்னால் வரிசையாக. நஞ்சப்பன் குளத்தில் கை விட்டு, அள்ளிக் குடித்து, ஒரு குட்டி தண்ணீருக்குள் விழுந்து, தாய் அதன் பிடரியைக் கவ்வித் தூக்கி. நஞ்சப்பன் ஃபோனைத் தூக்கிக்கொண்டு ஓடினார். "கண்ணு, இங்க வா, சீக்கிரம் வா" என்று மாடிப்படிக்குக் கீழே நின்று கத்தினார்.

வெண்பா தூக்கக் கலக்கத்தோடு வந்து அவர் தோளில் தாடையை வைத்துப் பார்த்தாள். மறுபடி போடச் சொன்னாள். பார்த்தாள். மறுபடியும். அவர் காலைச் சாப்பாட்டுக்குப் பாலில் போட்ட கார்ன்ஃப்ளேக்ஸ் ஊறிப் போனது. "எப்படிப்பா வந்துச்சு?" என்று கேட்டாள். தமிழில் கேட்டாள்.

"தானா வந்துச்சு கண்ணு. நம்ம குளமும் பிடிச்சுப் போச்சாட்ட இருக்குது."

வெண்பா அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். "குட் ஃபார் யூ, அப்பா" என்றாள். அன்று காலை முழுவதும் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். ஆபீஸ் மீட்டிங்கை மியூட்டில் போட்டுவிட்டு நஞ்சப்பன் அந்தச் சுகத்தை அனுபவித்தார். அடடா, இதற்கு ஒரு டின் கருவாடு என்ன, ஒரு படகுக் கருவாடே கொட்டலாம் என்று தோன்றியது.

அதன் பிறகு தினமும் போட்டார். தினமும் காலையில் படம். வருகிற கூட்டமும் கூடியது. எங்கெங்கோ கிடந்த ரக்கூனெல்லாம் மோப்பம் பிடித்து வந்தன. குரூப்பில் வெண்பா "அப்பா வீட்டு விருந்தாளிகள்" என்று போட்டாள். தாமஸ்கூட வேலி ஓரம் வந்து, "இப்பம் எல்லாம் உங்க வீட்டுக்குல்லா போவுது நஞ்சப்பன், எங்களை மறந்துட்டுதுவ" என்றார். நஞ்சப்பன் பெருந்தன்மையாகச் சிரித்தார்.

டின் காலியாகும் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். ஒரு சாயங்காலம் கையை விட்டால் அடியில் தூள்தான் இருந்தது. தூளையே தூவினார். தாமஸ் பக்கம் கொஞ்சம், இந்தப் பக்கம் கொஞ்சம்.

வாசனை இருக்கிறது, தின்ன ஒன்றும் இல்லை. வந்த கூட்டம் சும்மா திரும்புமா? காலையில் நஞ்சப்பன் குளத்தில் தங்க மீன் ஒன்றுகூட இல்லை. மழமழ கல்லிலிருந்து தொட்டிக்குள் குதித்து, ஃபில்டர் ஒயரைக் கடித்து, நீரூற்றைக் கவிழ்த்துப் போட்டிருந்தன. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வேலிக்கு அந்தப் பக்கம் தாமஸ் "யூனிஸ், இங்க வாயேன்" என்று கூப்பிடுவது கேட்டது. அந்தக் குரலில் உயிரே இல்லை.

நஞ்சப்பன் போய் எட்டிப் பார்த்தார். சரிந்த கரையெல்லாம் கலைந்து கிடந்தது. அல்லிக் கொடியைப் பிடுங்கி வெளியே எறிந்திருந்தன. புல்லின் மேல் அண்ணாச்சி கிடந்தார். தலையும் முள்ளும்தான் மிச்சம். தாமஸ் குனிந்து, தன் மேல்துண்டால் அதை மூடினார். "காட்டு ஜீவன். வயித்துக்குத்தானே தேடுது. அதைச் சொல்லி என்ன" என்றார்.

வெண்பா கேட்டருகே நின்றாள். உள்ளே போகவில்லை.

"ராத்திரி என்ன நடந்துதுன்னு உன் ஃபோன்ல வந்திருக்குமே மக்ளே. எத்தனை வந்துதுன்னு பாரேன்" என்றார் தாமஸ்.

"நோ அங்கிள். பேட்டரி போயிடுச்சு. ரெக்கார்ட் ஆகல" என்றாள் வெண்பா. சொல்லிவிட்டுத் திரும்பி வீட்டுக்குள் வந்துவிட்டாள்.

நஞ்சப்பன் பெருமூச்சு விட்டார். தப்பித்தோம் என்ற மூச்சு. அது பாதியிலேயே நின்றது. பேட்டரியா? ஞாயிற்றுக்கிழமைதானே, "அப்பா, தாமஸ் அங்கிள் கேமராவுக்கு டபுள் ஏ இருக்கா?" என்று கேட்டு வந்தாள். புதுப் பாக்கெட்டைப் பிரித்துத் தன் கையால் கொடுத்தார்.

மாடிக்குப் போனார். வெண்பா கட்டிலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கண்ணு, பேட்டரி புதுசு தானே? நான்தானே குடுத்தேன்?"

"யா."

"அப்புறம்?"

"ஐ டிலீட்டட் இட்" என்றாள். "நீங்க வேலிகிட்ட நின்னு பவுடர் மாதிரி போடறது. எல்லாத்தையும் டிலீட் பண்ணிட்டேன்."

"எல்லாத்தையும்னா?"

"ஃபர்ஸ்ட் நாள்லேர்ந்து. எனக்குத் தெரியும்ப்பா."

நஞ்சப்பனுக்கு முதலில் வந்தது வெட்கம் அல்ல. சந்தோஷம். அதைச் சொல்லத்தான் வேண்டும். நமக்காக மறைத்திருக்கிறாள். தாமஸ் முகத்துக்கு நேரே நமக்காகப் பொய் சொல்லியிருக்கிறாள். அப்படியானால் இவள் நம்முடைய பெண்தான். நெஞ்சு ஒரு சாண் உயர்ந்தது.

"முதல் நாளே தெரியும்னா ஏன் கண்ணு சொல்லல?" என்றார்.

வெண்பாவுக்கு அழுகை வந்துவிட்டது. "அந்த லுங்கி வீடியோவுக்கு நாங்க சிரிச்சோம்ல. நீங்க அங்க நின்னுட்டிருந்தீங்க. யூ லுக்ட் ஸோ ஸாட். அதான், உங்களுக்கு அவ்ளோ ஆசைன்னா போடட்டும்னு விட்டேன். இட் வாஸ் ஃபன்னி. அங்கிள்கிட்ட சொல்லியிருந்தா அண்ணாச்சி செத்திருக்காது. நான் சொல்லல. இப்போ எப்படி நான் அங்க போய் உக்கார்றது?"

உயர்ந்த நெஞ்சு இறங்கிவிட்டது. நஞ்சப்பன் அவள் மேஜையில் கிடந்த பேனாவை மூடி வைத்துவிட்டுக் கீழே வந்தார்.

அதற்குப் பிறகு வெண்பா சாயங்காலங்களில் வீட்டில்தான் இருந்தாள். அவர் எதற்கு ஆசைப்பட்டாரோ அது அப்படியே நடந்தது. செருப்பு வாசலில் கிடந்தது, கேட் மூடியே இருந்தது. பெண் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். சாப்பிடக் கூப்பிட்டால் வருவாள், தட்டைக் கழுவி வைப்பாள், போய்விடுவாள். "ஃபைன்", "ஓகே"கூட இப்போது இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் தாமஸ் ஒற்றை ஆளாகக் கரையில் உட்கார்ந்திருப்பது அடுக்களை ஜன்னல் வழியே தெரிந்தது. பக்கத்துச் சேர் காலி. ஒரு நாள் யூனிஸ் காரை எடுக்கும்போது அவளிடம் தாமஸ் கேட்டது நஞ்சப்பன் காதிலும் விழுந்தது: "பிள்ளை இன்னைக்கும் வரல்லியா? நான் ஏதும் சொல்லிட்டனா?"

சண்முகப்ரியாவிடம் நஞ்சப்பன் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் காரேஜுக்குப் போய் டின்னைத் திறந்து பார்த்தாள், மூடினாள். "என் கருவாட்டக் கூட மன்னிச்சுடுவனுங்க" என்றாள். "அந்தப் புள்ளையப் பாருங்க. இன்னும் கொஞ்ச நாள்ல போயிருவா. இப்பிடியே போனா, திரும்பி இந்த வீட்டுக்கு எந்த மூஞ்சிய வெச்சுட்டு வருவா?"

நஞ்சப்பன் டின்னைக் கையில் எடுத்தார்.

"வெறும் டப்பாவையா கொண்டு போறீங்க? இருங்க, ரெண்டு முறுக்காச்சும் போட்டுத் தர்றேன்" என்றாள். பக்கத்து வீட்டுப் பாத்திரத்தை அவள் இதுவரை வெறுமனே திருப்பியதில்லை. ஒன்றும் இல்லையென்றால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் அனுப்புவாள்.

"வேண்டாம். வெறுசாவே இருக்கட்டும்."

தாமஸ் கரையில் குந்தி, சரிந்த கல்லை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார். கேட் சத்தம் கேட்டு ஆவலாகத் திரும்பினார். நஞ்சப்பன் என்றதும் அந்த ஆவல் கொஞ்சம் குறைந்தது. அதை நஞ்சப்பன் கவனிக்காமல் இல்லை.

"யூனிஸ் டின்னுங்க. குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

தாமஸ் வாங்கி ஆட்டிப் பார்த்தார். "தீந்துட்டா? கருவாடு நல்லா இருந்துதா?"

"ரக்கூனுக்கு நல்லா இருந்துதுங்க" என்றார் நஞ்சப்பன்.

நின்றபடியே சொன்னார். வேலிமேல் குனிந்ததை, வழி நெடுகப் போட்டதை, கடைசியில் தூளைத் தூவியதை, ஒன்று விடாமல். ஏன் செய்தீர்கள் என்று தாமஸ் கேட்கவில்லை. கேட்காமலே அதையும் சொன்னார். "உங்க குளத்துக்கு எல்லாம் வருதுன்னு பொறாமைங்க. எல்லாம்னா எம் பொண்ணும்தான்."

தாமஸ் டின் மூடியைத் திறந்தார், மூடினார். "எங்க அக்கா கஸ்டம்ஸ்ல பயந்து பயந்து கொண்டாந்தது" என்றார். சரிந்து கிடந்த ஒரு கல்லைக் காலால் கரையோரம் தள்ளினார். "அண்ணாச்சி போனதுல எனக்கு வருத்தம் இல்லன்னா பொய். உங்க மேல கோவமும் வருது, கேட்டியளா. ஆனா இந்தச் சேரு காலியாக் கெடக்கே, அதான் எனக்குத் தாங்கல. நான் என்னமோ சொல்லிட்டேன், பிள்ளை மனசுல பட்டுட்டுன்னு ராத்திரி தூக்கம் இல்ல."

"உங்க மேல ஒண்ணும் இல்லீங்க. நான் போடறது அவளுக்கு மொதல் நாளே தெரியும். கேமராவுல விழுந்திருக்கு. நாலு பேரு அப்பனைப் பாத்துச் சிரிப்பாங்கன்னு அழிச்சுட்டா. அந்தப் பேட்டரிக் கதையும் எனக்காகத்தான். இப்ப உங்க மூஞ்சியப் பாக்க முடியலைங்கறா. அவ மேல கோவிச்சுக்காதீங்க."

தாமஸ் டின்னைக் காலிச் சேரின் மேல் வைத்தார்.

"எங்க ஆட்ரியனா இருந்தா அந்த வீடியோவ மொதல்ல குரூப்ல போட்டுட்டுத்தான் மறு வேலை பாப்பான்" என்றார். சிரிக்க முயன்றார், வரவில்லை. "அப்பன் முகம் வாடிரப்பிடாதுன்னு ஒரு பிள்ளை இந்தப் பாடு படுதே. இங்க வந்து உக்காந்து அது பேசினதுல பாதி உங்களப் பத்தித்தான், தெரியுமா? எங்கப்பா இதச் சொன்னாரு, எங்கப்பா அதச் செஞ்சாருன்னு. நான் கேட்டுக்கிட்டு இருப்பேன். குடுத்து வச்ச மனுசன் நீங்க."

அந்தக் குரலை நஞ்சப்பனுக்குத் தெரியும். இத்தனை மாதமாகத் தன் வயிற்றுக்குள் கேட்டுக்கொண்டிருந்த அதே குரல். வேலிக்கு இந்தத் தாமஸ் பக்கமும் அது இருந்திருக்கிறது என்று அவருக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

வீட்டுக்கு வந்து மாடிக் கதவைத் தட்டினார்.

"கண்ணு, தாமஸ் அங்கிள் கூப்பிடறாரு."

கதவு திறந்தது. "சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"என்னைப் பத்தி?"

"எல்லாத்தையும் சொல்லிட்டேன். போ. அவரு உக்காந்திருக்காரு."

வெண்பா படியில் இறங்கினாள். செருப்பை மாட்டினாள். கேட் வரைக்கும் மெதுவாக நடந்தாள், அதற்கு மேல் ஓடினாள். நஞ்சப்பன் சட்டி கழுவியபடி அடுக்களை ஜன்னலில் நின்று பார்த்தார். தாமஸ் எழுந்தார். என்னவோ சொன்னார். வெண்பா முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். அவர் அவள் தலையில் கை வைத்தார். 'மக்ளே' என்றிருப்பார், வேறென்ன. கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் குனிந்து கல் அடுக்க ஆரம்பித்தார்கள்.

"என்ன, பொகையுதுங்களா?" என்றாள் சண்முகப்ரியா பின்னாலிருந்து.

"பொகையத்தான் செய்யுது" என்றார் நஞ்சப்பன்.

அடுத்த சட்டியைக் கழுவி முடிப்பதற்குள் வேலி ஓரத்திலிருந்து வெண்பாவின் குரல் கேட்டது.

"அப்பா, நீங்களும் வாங்க. வரும்போது ஒரு சேர் எடுத்துட்டு வாங்க. இங்க ரெண்டுதான் இருக்கு."

நஞ்சப்பன் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். அவருடைய வெற்றுக் குளத்தங்கரையில் அந்தப் புது மரச் சேர்கள் இரண்டும் கிடந்தன. ஒன்றின் காலில் விலைச் சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தலைமேல் தூக்கிக்கொண்டு, பத்திரமாகக் கேட்டைத் திறந்துகொண்டு போனார்.